சுறா புட்டும் தேசம்மாவின் மாத்திரையும்

சாந்தோம் மீன் மார்க்கெட்டில் தேசம்மாவிடம் திட்டு வாங்காதவர்கள் இரண்டு வகை. ஒன்று, சுத்த சைவர்கள். இன்னொன்று, காது கேட்காதவர்கள். அவர்களும் வாங்கியிருப்பார்கள், தெரிந்திருக்காது. நான் இரண்டிலும் சேராதவன். பெயர் குலாம் ரசூல். மார்க்கெட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். தேசம்மாவுக்கும் ஊரில் எல்லோருக்கும் நான் வெறும் 'பாய்'.

"உன் கடைல தலைவலி மாத்திரைக்கு பேரம் பேச வுடுவியா பாய்? மாட்டல்ல? அப்பால என் சங்கரா மீனுக்கு மட்டும் இன்னாத்துக்கு பேசற?" என்று கேட்பாள். நியாயமான கேள்விதான். அதனாலேயே எனக்குக் கோபம் வரும். கோபத்தோடு மீனை வாங்கிக்கொண்டு வருவேன். வீட்டில் என் மனைவி சகினா பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் ஏமாந்தீங்களா?" என்பாள்.

தேசம்மாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம். மகன் ஜான் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன். மருமகள் ஏஞ்சல், பெயருக்கு ஏற்ற பெண். தேசம்மாவின் வியாபாரம் பாதி குரலில், பாதி முகத்தில். யாராவது விலையைக் குறைத்துக் கேட்டால் முதலில் வானத்தைப் பார்ப்பாள். அப்புறம் சிலுவைக்குறி போட்டுக்கொள்வாள். அப்புறம் கையிலிருக்கும் வஞ்சிரத்தின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "கேட்டியாடா நைனா? உன்ன இந்த வெலைக்குக் கேக்கறாரு. சம்மதமா?" என்பாள். மீன் ஒன்றும் சொல்லாது. "பாத்தியா, வேணான்றான்" என்று முடித்துவிடுவாள்.

பக்கத்து இடம் முத்துலட்சுமியுடையது. இருவருக்கும் தினமும் சண்டை. இவள் கழுவிய தண்ணீர் அவள் பக்கம் ஓடும், அல்லது அவள் எறிந்த செதில் இவள் தட்டில் விழும். அங்கே ஆரம்பித்து இரண்டு குடும்பத்திலும் செத்துப்போனவர்கள் வரைக்கும் போகும். சண்டையைப் பார்க்கக் கூட்டம் கூடும். கூடிய கூட்டம் வெறுங்கையோடு போகாது, மீன் வாங்கிக்கொண்டு போகும். இருவருக்கும் அதனால் லாபம்தான் என்பது என் கருத்து. இதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லி இருவரிடமும் ஒரே நேரத்தில் திட்டு வாங்கினேன்.

இப்படிப்பட்ட தேசம்மா, ஒரு வருஷம் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போய்வந்த பிறகு அமைதியாகிவிட்டாள்.

குரல் இறங்கிவிட்டது. பக்கத்தில் குனிந்து கேட்டால்தான் விலை தெரியும். முகத்தில் ஆட்டபாட்டம் இல்லை. வானத்தைப் பார்ப்பதில்லை, மீனிடம் பேசுவதில்லை. கண்ணை அதிகம் சிமிட்டாமல் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடையும் சின்னச் சின்ன அடியாக, தலை குனிந்து, பூசைக்குப் போகிறவள் மாதிரி ஆயிற்று. மீனவர் குப்பம் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டது: மாதா தேசம்மாவைத் தொட்டுவிட்டாள்!

அதற்கப்புறம் கேட்கவா வேண்டும்? இருமுகிற குழந்தைகளைக் கொண்டுவந்து, "நெத்தில ஒரு சிலுவ போட்டு வுடுக்கா" என்றார்கள். மெதுவாக, நடுங்கும் விரலால் அவள் போட்ட சிலுவையைப் பார்த்துச் சிலர் கண் கலங்கினார்கள். விரல் நடுங்குவது பக்தியால் என்று நினைத்தார்கள். வாங்க வந்தவர்களுக்கும் அந்தக் கல் முகத்திடம் பேரம் பேசத் துணிச்சல் வரவில்லை. குறைத்துக் கேட்டால் பாவமோ என்று பயந்து கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நானும் கொடுத்தேன். புனிதராகியும் என்னிடம் அதே விலைதான்.

நம்பாதவள் ஒருத்தி மட்டும்தான், முத்துலட்சுமி. ஒருநாள் மத்தியானம் மருந்துக்கடைக்கு வந்து கல்லா மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"பாய், அவளுக்கு எதுனா மாத்திர குடு."

"யாருக்கு?"

"அதான், உங்க மீன்கார புனிதவதி. நானும் புச்சு புச்சா திட்டிப் பாத்துட்டேன். அவ புருஷன இழுத்தேன், அவ மாமியாள இழுத்தேன். பதிலே இல்ல. சண்டைக்கு ஆள் இல்லாம நான் எப்டி யாவாரம் பண்றது?"

"மனசு மாறியிருக்கும் முத்துலட்சுமி. விட்டுடேன்."

"மனசும் இல்ல, மண்ணும் இல்ல. மடிமேல சும்மா வெச்சிக்கினு கீற சோத்தாங்கை தானா ஆடிக்கினே கீது பாய். கத்தியப் புடிச்சா நிக்குது, கீழ வெச்சா ஆடுது. நேத்து ஒரு கூறு கவலை மீனு நாறிப் போய் கெடக்கு. மோந்து பாத்துட்டு நல்லா கீதுன்னு விக்கறா. நாலு கடை தள்ளி கீறவங்களுக்கே கொமட்டுது, அவளுக்குத் தெரியல. அவளுக்கு எதுவோ சீக்கு. சொல்லிட்டேன்."

கட்டிய கணவன் உயிரோடு இருந்திருந்தால்கூட இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருப்பானா, சந்தேகம். முத்துலட்சுமி சொன்னதை ஜானிடம் சொன்னேன். அவன் தேனாம்பேட்டையில் ஒரு நரம்பு டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கினான். ஆனால் அன்றைக்குக் கடலுக்குப் போகவேண்டியிருந்தது. "பாய், நீ வா. அந்தம்மா இங்கிலீஷ்ல பேசுனா நீ தமிழ்ல சண்ட போடு" என்று தேசம்மா என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டாள். ஏஞ்சலும் வந்தாள்.

டாக்டர் ரூபீனா சின்ன வயசுதான். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டித் தட்டிக் காட்டச் சொன்னார். வரவரச் சிறிதாகி நின்றுவிட்டது. கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். எழுந்து நடந்து திரும்பச் சொன்னார். கண்ணை மூடச் சொல்லி மூக்கருகில் காப்பித்தூளை நீட்டினார். "இன்னாது, தண்ணியா?" என்றாள் தேசம்மா. எனக்கு மூன்றடி தள்ளி வாசனை தூக்கியது.

"அம்மா, கொஞ்சம் சிரிங்க பாப்போம்" என்றார் டாக்டர்.

தேசம்மா அவரையே பார்த்தாள். முகத்தில் ஒரு கோடும் அசையவில்லை.

"நான் சிரிச்சிக்கினுதான் கீறேன்" என்றாள்.

ஏஞ்சல் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். இத்தனை மாதமாக அவள் எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்திருக்கிறாள், கோபப்பட்டிருக்கிறாள், ஒன்றுமே வெளியே வரவில்லை. நாங்கள் நெற்றியில் சிலுவை வாங்கிக்கொண்டு போயிருக்கிறோம்.

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "இதுக்குப் பேரு பார்க்கின்சன். நடுக்குவாதம்னும் சொல்வாங்க. நம்ம மூளையில டோபமின்னு ஒண்ணு சுரக்குது. கை காலை நினைச்சபடி அசைக்க அது வேணும். அதைச் சுரக்கிற செல்லுங்க மெள்ள மெள்ள குறைஞ்சுக்கிட்டே வருது. நிறையக் குறைஞ்ச பிறகுதான் வெளிய தெரியும். அதனால உடம்பு மெதுவாகும், விறைக்கும், சும்மா வெச்சிருக்கிற கை ஆடும், குரல் இறங்கும், முகம் அசையாது. மூக்கு பல பேருக்கு முன்னாடியே போயிடும்."

"அப்ப மாதா என்னைத் தொடலியா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. ஆனா இது அதனால இல்ல."

"அப்பாடா" என்றாள் தேசம்மா. "புள்ளைங்களுக்கு சிலுவ போட்டுப் போட்டு கை வலிக்குது."

இந்த வியாதியை அடியோடு போக்க மருந்து இன்னும் வரவில்லை, ஆனால் கட்டுக்குள் வைத்துக்கொண்டு பல வருஷம் வேலை பார்க்கலாம் என்றார் டாக்டர். லெவோடோபா என்கிற மாத்திரையை எழுதினார். அது மூளைக்குள் போய் டோபமினாக மாறும். சாப்பாட்டுக்கு முன்னால் போடவேண்டும். வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு பிஸ்கட்டோடு போட்டுக்கொள்ளலாம். இதையெல்லாம் நான் ஏஞ்சலுக்கு இரண்டாம் முறையும் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

ஒரு மாதம் ஆயிற்று. எந்த மாற்றமும் இல்லை. கை ஆடிக்கொண்டேதான் இருந்தது. கட்டிலில் திரும்பிப் படுக்க ஏஞ்சலைக் கூப்பிட வேண்டியிருந்தது. டாக்டர் போனில் அளவைக் கூட்டினார். அப்போதும் இல்லை. தேசம்மா என் கடைக்கு வந்து, வராத குரலில், "சுண்ணாம்ப உருட்டி விக்கிறியா பாய்?" என்று கேட்டாள். காதை அருகில் கொண்டுபோய் அந்தத் திட்டைக் கேட்கவேண்டியிருந்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த வருஷம் எங்கள் நோன்பும் கிறிஸ்தவர்களின் தவக்காலமும் கிட்டத்தட்டச் சேர்ந்தே தொடங்கின. தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வந்து நின்றாள் தேசம்மா.

"பாய், மாதாவுக்கு பொருத்தனை வெச்சிட்டேன். உயிர்ப்பு ஞாயிறு, ஈஸ்டர் வரைக்கும் கவுச்சியத் தொட மாட்டேன். மீனு, கறி, முட்ட ஒண்ணும் கெடையாது. பதிலுக்கு அவ என் கைய நிறுத்தணும்."

சகினா கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "தேசம்மாக்கா, மீன் இல்லாம உங்களுக்குச் சோறு இறங்குமா?" என்றாள்.

"எறங்காது. அதான் பொருத்தன. எறங்கறத வுட்டுக் குடுத்தா மாதா எப்டி நம்புவா?"

கஞ்சி, ரசம், கத்தரிக்காய், உருளைக்கிழங்கு என்று போயிற்று அவள் சாப்பாடு. பகலெல்லாம் மீன் நடுவில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கத்தரிக்காயைத் தின்றாள். பாவமாக இருந்தது.

பத்து நாள்கூட ஆகியிருக்காது. நோன்பு திறந்துவிட்டுக் கடையில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். தெருவிலிருந்து ஒரு குரல்: "யோவ் பாய்! காத்தால வாங்கின நெத்திலிக்கு மீதி துட்டு குடுக்காம வந்துட்டல்ல? நோம்பு வெச்சிக்கினு திருட்டுத்தனம் வேறயா?"

கஞ்சி புரையேறிவிட்டது. தேசம்மா விறுவிறுவென்று நடந்து வந்தாள். கை வீசி நடந்தாள். ஒரு புருவம் உயர்ந்திருந்தது! அந்தப் புருவத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மீதிக் காசை நான் கொடுத்துத்தான் இருந்தேன், அது வேறு விஷயம். திரும்பவும் கொடுத்தேன்.

குப்பம் திமிலோகப்பட்டது. மாதா கையை நிறுத்திவிட்டாள் என்று பேச்சு. சர்க்கரைக்காரர்கள் மீனை நிறுத்தினார்கள், முட்டிவலிக்காரர்கள் மீனை நிறுத்தினார்கள். முத்துலட்சுமி அம்மன் கோயில் பக்கம் தவிர வேறெங்கும் கும்பிடாதவள். அவளும் அம்மனுக்காக மீன் தொடாத செவ்வாய்க்கிழமையோடு மாதாவுக்காகப் புதனையும் சேர்த்துக்கொண்டாள். மீன் விற்கிற ஊரில் மீன் தின்ன ஆளில்லாமல் போகும்போல் இருந்தது. பங்குத் தந்தை மட்டும் ஜாக்கிரதையாக, "மாதாவையும் நம்புங்க, மாத்திரையையும் நிறுத்தாதீங்க" என்றார். மனிதர் விவரமானவர்.

சனிக்கிழமை ராத்திரி பாஸ்கா பூசை முடிந்து உயிர்ப்பு ஞாயிறு வந்தது. ஜான் வலையில் ஒரு பால் சுறா விழுந்திருந்தது. தவக்காலம் முழுக்க வாயைக் கட்டிய மாமியாருக்கு ஏஞ்சல் சுறா புட்டு செய்தாள். சுறாவை வேகவைத்து, உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் தாராளமாகப் போட்டு வதக்குவது. பிள்ளை பெற்றவளுக்கும் படுக்கையிலிருந்து எழுந்தவனுக்கும் எங்கள் கடலோரத்தில் முதலில் கொடுப்பது அதுதான். காலையில் புட்டு, மத்தியானம் பிரியாணி, மறுபடியும் புட்டு.

சாயந்திரம் தேசம்மாவுக்குக் கால் எழவில்லை. கை பழையபடி ஆடியது. குரல் உள்ளே போய்விட்டது.

மறுநாள் பார்க்கப் போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். "மாதா என்கைலயே பேரம் பேசறா பாய்" என்றாள், குனிந்து கேட்டால்தான் கேட்கிற குரலில். "இந்த ஒரு தபாவோட வுடமாட்டேன்றா. ஆயுசுக்கும் மீன வுடுன்றா. மீனைத் தின்னாம நான் எப்டி பொயைக்கிறது? கையா, மீனான்னு கேட்டா நான் இன்னான்னு சொல்றது?" கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. முகம் மட்டும் எதுவும் நடக்காதது போல் இருந்தது.

ஜான் வாசலில் நின்றுகொண்டிருந்தான். கெட்ட பையன் இல்லை, பயந்த பையன். "போதும்மா. கத்தியும் கையுமா நீ எங்கனா வியுந்து வெச்சா நான் கடல்ல கீறப்ப யாரு பாப்பா? இனிமே ஏஞ்சல் உக்காரட்டும். மீன்புடி தடைக்காலம் முடிஞ்சி பெரிய மீனு வர அன்னிக்கு நீயா நடந்து வந்து உன் எடத்துல உக்காரு, ஒத்துக்கறேன். இல்லன்னா எடம் ஏஞ்சலுக்குத்தான்" என்றான்.

தேசம்மாவுக்கு மார்க்கெட்டில் அந்த இடத்தைத் தவிர உலகத்தில் வேறு இடம் கிடையாது. அங்கே உட்கார்ந்துதான் அவள் தேசம்மா. வீட்டில் உட்கார்ந்தால் வெறும் ஜானின் அம்மா. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஏஞ்சல் உட்கார்ந்த நாட்களைப் பற்றி உண்மையைச் சொல்லவேண்டும். வாடிக்கைக்காரர்களுக்குத் திருவிழா. கேட்ட விலைக்குக் கொடுத்தாள், கேட்காமலே ஒரு மீன் சேர்த்துப் போட்டாள், "வேற எதுனா வேணுமாண்ணா?" என்றாள். என் வீட்டில் வாரத்துக்கு இரண்டு தரம் வஞ்சிரம். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. திட்டு இல்லாமல் வாங்கிய மீனில் என்னவோ உப்புக் குறைந்தாற்போல் இருந்தது.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது தேசம்மா வியாதியைப் பற்றிப் பேசாமல் மாதாவைப் பற்றிப் புகார் சொன்னாள். டாக்டர் ரூபீனா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாத்திரையை எதோட போட்டீங்க?" என்றார்.

"நீ சொன்னா மாரிதான். பிஸ்கட்டோட போடச் சொன்ன. ஐய, பிஸ்கட்டு ஒரு சாப்பாடா? எவ்ளோ பெரிய சீக்குக்கு எவ்ளோ காட்டமான மாத்திர. அதுக்குத் தோதா தெம்பான ஐட்டம் போவ வாணாம்? அதான் ஒவ்வொரு வேளைக்கும் ஏஞ்சல் சுறா புட்டு வெச்சிக் குடுக்கும். புட்டத் தின்னு, அது மேலயே மாத்திரையப் போட்டுக்குவேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். நான் ஏஞ்சலைப் பார்த்தேன். ஏஞ்சல், "பால் சுறாதான் டாக்டர். நல்ல மீனு" என்றாள் பயத்தோடு.

டாக்டர் சிரித்த சிரிப்பில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். மீனில் நிறையப் புரோட்டீன் இருக்கிறது. குடலிலிருந்து உள்ளே போவதற்கும், அங்கிருந்து மூளைக்குள் போவதற்கும் புரோட்டீனுக்கும் இந்த மாத்திரைக்கும் வழி ஒன்றேதான். இரண்டும் சேர்ந்து வந்தால் மாத்திரைக்கு இடம் கிடைக்காது.

"அதாவது, சுறா முன்னால போய் வாசல்ல குந்திக்குது. மாத்திர வெளிய நிக்குது" என்றாள் தேசம்மா.

"அதேதான். தவக்காலத்துல சுறா வரலை. மாத்திரை நேரா உள்ள போச்சு."

"அப்ப மாதா?"

"மாதா இல்லைன்னா நீங்க மீனை நிறுத்தியிருக்கவே மாட்டீங்களே. எனக்கும் இது தெரிஞ்சிருக்காது" என்றார் டாக்டர். அந்தப் பதிலுக்காகவே அவருக்கு எவ்வளவு ஃபீஸ் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

மீனை விடவேண்டாம், நேரத்தை மாற்றினால் போதும். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு. மீனைப் பெரும்பாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். தேசம்மா கால் மணி என்றாள். டாக்டர் முக்கால் என்றார். கல் முகத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் நெளிந்தார், "சரி, அரை மணிக்குக் குறையவே கூடாது" என்றார். எனக்குப் பழைய ஞாபகம் வந்தது.

"எத்தினி வருஷம் ஓடும் இந்த மாத்திர?" என்று அப்புறம் கேட்டாள்.

"ரொம்ப வருஷம் உதவும்மா. போகப்போக ஒரு மாத்திரை வேலை செய்யற நேரம் குறையும். அளவை, நேரத்தை மாத்துவோம். சிலருக்கு உடம்பு வேணாத ஆட்டம் ஆடும், அதையும் சரிக்கட்டப் பாக்கலாம். தேவைப்பட்டா மூளையில சின்னக் கம்பி வைக்கிற ஆபரேஷன்கூட இருக்கு."

"வருஷத்தச் சொல்லு."

"ஆளுக்கு ஆள் மாறும். சொல்ல முடியாது."

ஆட்டோவில் திரும்பும்போது தேசம்மா சொன்னாள்: "கெட்டிக்கார யாவாரி பாய் அந்தப் பொண்ணு. கடேசி வரைக்கும் வெலையே சொல்லல பாரு."

மாத்திரை மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்று ஷ்ரவண் என்கிற பிசியோதெரபிஸ்டை அனுப்பினார் டாக்டர். அவர் தேசம்மா வீட்டுச் சந்தில் சாக்பீஸால் குறுக்குக் கோடுகள் போட்டார். கால் தரையில் ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிட்டால் இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது, தரையில் ஒரு கோட்டைப் பார்த்து அதைத் தாண்ட நினைத்தால் கால் எழுந்துவிடும் என்றார். தேசம்மா கோடு கோடாகத் தாண்டினாள். எதிர்வீடு முத்துலட்சுமியுடையது. வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே, "பாண்டி ஆடற வயசாடி இது? பாவாட தச்சித் தரட்டா?" என்பாள்.

குரலுக்கும் பயிற்சி உண்டு. ஷ்ரவண் சொன்னது இது: "உங்களுக்கு நார்மலா தோணற சத்தம் வெளிய கேக்காதும்மா. கத்தற மாதிரி தோணினாதான் அது நார்மல். அதனால எப்பவும் கத்துங்க." தேசம்மாவைக் கத்தச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு போன முதல் மனிதர் அவர்தான். ஒரு டாக்டர் சீட்டை இவ்வளவு சந்தோஷமாகக் கடைப்பிடித்த நோயாளியை என் கடை வரலாற்றில் நான் கண்டதில்லை.

ஜூன் மாதம் தடைக்காலம் முடிந்தது. காசிமேட்டு லாஞ்சுப் படகுகள் திரும்பிய அன்று காலையில் என் கடைக்கு முன்னால் தேசம்மா வந்து நின்றாள். தலையில் பூ, மடிப்புக் கலையாத சேலை. பரபரப்பில் காலை மாத்திரையை மறந்துவிட்டு வந்திருந்தாள். என்னிடம் தண்ணீர் வாங்கி அங்கேயே விழுங்கினாள்.

"அரை மணி உட்காரு தேசம்மா. மாத்திரை வேலை செய்யட்டும்."

"மீனு குந்துமா பாய் எனக்காக?" என்று கிளம்பிவிட்டாள். மனசு கேட்காமல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பின்னால் போனேன்.

பயந்தது நடந்தது. மார்க்கெட் வாசலில், மணல் முடிந்து டைல்ஸ் தொடங்குகிற இடத்தில் நின்றுவிட்டாள். உடம்பு முன்னால் போகப் பார்க்கிறது, பாதம் வரவில்லை. கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் கையைப் பிடித்து இழுத்தார், இன்னொருவர் முதுகைத் தள்ளினார். நான் கத்தி அவர்களை விலக்கினேன். என் மடத்தனம், பையில் ஒரு சாக்பீஸ்கூட இல்லை. உள்ளே தேசம்மாவின் இடத்தில் ஏஞ்சல் எழுந்து நின்றாள். ஜான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"போதும்மா. வா, ஊட்டுக்குப் போலாம்" என்றான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

தேசம்மா அவன் பக்கம் திரும்பவில்லை. தன் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டதெல்லாம் அந்தப் பத்துப் பதினைந்து அடிதான். கொடுக்க எங்கள் யாரிடமும் இல்லை.

அப்போது 'சொத்' என்று ஒரு சத்தம். தேசம்மாவின் கால் நுனிக்கு முன்னால் குறுக்காக ஒரு ஓலை வாளை வந்து விழுந்தது. நீளமாக, தட்டையாக, வெள்ளி நாடா போலப் பளபளக்கும் மீன். முத்துலட்சுமி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாடி வழிய மறிச்சிக்கினு நிக்கற? யாவாரம் நடக்க வாணாமா? மீனு மேல கால வெச்ச, அம்மாம் வெலையும் உன்கைலதான் வாங்குவேன். சொல்லிட்டேன்!"

தேசம்மா குனிந்து வாளையைப் பார்த்தாள். கால் எழுந்தது. தாண்டினாள்.

'சொத்'. அடுத்த வாளை. "ஐய, நடையப் பாரு. கல்யாணப் பொண்ணு வராப்ல!"

தாண்டினாள். 'சொத்'. "உன் மாமியா செத்தன்னிக்குக் கூட நீ இவ்ளோ மெதுவா வரல!"

தாண்டினாள். முத்துலட்சுமி அவளுக்கு முன்னால் பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து, ஒரு மீன், ஒரு திட்டு, ஒரு மீன், ஒரு திட்டு என்று, அன்றைக்கு விற்க வைத்திருந்த கூடை முழுவதையும் டைல்ஸ் மேல் வரிசையாகப் போட்டுவிட்டாள். சாக்பீஸ் கோடு போட்ட அதே இடைவெளி. வெங்காயம் உரிக்கிற சாக்கில் அவள் எதைக் கவனித்துக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடைசி வாளையைத் தாண்டி தேசம்மா தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். ஏஞ்சல் விலகி, கத்தியை எடுத்துக் கொடுத்தாள். கத்தி கைக்கு வந்ததும் ஆட்டம் நின்றது. ஜான் வஞ்சிரக் கூடையைக் கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்தான்.

தேசம்மா மூச்சை உள்ளே இழுத்தாள். ஷ்ரவண் சொன்னபடி, வயிற்றிலிருந்து கத்தினாள்: "ஏய் முத்துலட்சுமி! உன் வாளை நாறுதுடி!"

"உனக்கு மூக்கே இல்ல, நாத்தத்தக் கண்டாளாம்!" என்று பதில் வந்தது. மார்க்கெட்டே சிரித்தது. இருவரும் செத்துப்போனவர்கள் பக்கம் நகர ஆரம்பித்தார்கள். கூட்டம் கூடியது, வியாபாரம் சூடு பிடித்தது.

வேண்டுமென்றுதானே போட்டாய் என்று முத்துலட்சுமியிடம் பிறகு கேட்டேன். "போ பாய், கை தவறி வியுந்துச்சி" என்றாள். ஒரு கூடை மீனும் ஒவ்வொன்றாகக் கை தவறி விழுந்ததாம்.

அன்று நான் தேசம்மாவிடம் ஒரு வஞ்சிரம் எடுத்து, சொன்ன விலையைப் பேசாமல் கொடுத்தேன். அவள் பணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். மாத்திரை இன்னும் முகம் வரைக்கும் வந்து சேரவில்லை. ஒரு கோடும் அசையவில்லை.

"என்ன தேசம்மா, பேரம் பேசலைன்னு கோவமா?" என்றேன்.

"யோவ் பாய்!" என்று அவள் போட்ட சத்தத்தில் நாலு கடை தள்ளி இருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். "சிரிச்சிக்கினுதான்யா கீறேன்!"